பெரிய எழுத்தில் ஒரு பெயர்

"மதகத் தொறக்க ஆளு வேணும்ல? நான் எறங்க மாட்டேன்" என்றார் மதகுக் காவலாளி காளியண்ணன்.

அவருடைய காவல் குடிசைக்குப் பின்னாலிருந்த மேட்டில், காலையில் விரல்கூட நுழையாத வெடிப்பு இப்போது கை நுழையுமளவு பிளந்திருந்தது. மழை விடுவதாயில்லை; மேடு சரிந்தால் குடிசை தப்பாது. தேயிலைத் தோட்டத்தின் மேல் குளம் நிரம்பும்போது மதகைத் திறக்காவிட்டால், கரை உடைந்து, கீழே தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குள் சேறு புகும். முன்பு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அப்படிச் சேறு புகுந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

தோட்டத்தில் மின்சார வேலை பார்க்கும் ஐவி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. மதகின் மோட்டாரை ஓட்டும் லினக்ஸ் கணினி குடிசையிலேயே இருந்தது. கைபேசிக் கோபுரம் முந்தின நாள் மண்சரிவில் சாய்ந்துவிட்டாலும், ஆபீசிலிருந்து குளம்வரை ஓடும் தோட்டத்தின் சொந்த டெலிபோன் கம்பிக்கு உயிர் இருந்தது. இரு முனைகளிலும் பழைய மோடங்களை மாட்டியாயிற்று. ஆபீசிலிருந்தே மதகு திறந்தால், இந்த மனுஷன் இங்கே உட்கார வேண்டியதில்லை.

மணி அடித்தால் மோடமே எடுக்கும்படி செய்தாள். அழைப்பவரிடம் பெயர் கேட்கும் 'கெட்டி' என்ற நிரலை அந்தக் கம்பிக்குக் காவல் வைத்தாள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி டொனால்டின் பெயரையும் ரகசியச் சொல்லையும் பதிந்து, அங்கேயே தட்டிப் பார்த்தாள். உள்ளே விட்டது.

டொனால்ட் ஆபீசிலிருந்து அழைத்தார். மோடம் கீச்சிட்டு இணைந்தது. ஆனால் உள்ளே விடவில்லை. மறுபடி அழைத்தார். அதே கதை.

தகரக் கூரைமேல் ஒரு கல் உருண்டது. காளியண்ணன் நிதானமாகத் தேத்தண்ணி கலக்கினார். "ஒன் மெசினுக்கு டொனால்ட பிடிக்கல லா."

ஐவி வாக்கி டாக்கியை எடுத்தாள். "அங்கிள், திரையில என்னா தெரியுது?"

"பாஸ்வோர்ட் கேக்குது. எல்லாம் பெரிய எழுத்துல."

அவள் அப்படி வைக்கவே இல்லையே. "பேர எப்படி அடிச்சீங்க?"

"ஹுருப் பெசார்லதான், பெரிய எழுத்துல. எந்தப் பாரத்துல பேர சின்ன எழுத்துல எழுதியிருக்கோம்?"

ஐவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால், எதிரே சின்ன எழுத்தே இல்லாத ஆதிகாலத்து இயந்திரம் இருப்பதாக இந்தக் கெட்டி முடிவு கட்டிவிடும். பிறகு வருவதையெல்லாம் சின்ன எழுத்தாக்கிவிடும். டொனால்டின் ரகசியச் சொல்லோ பெரிய எழுத்தில் தொடங்குவது.

பெயரைச் சின்ன எழுத்தில் அடிக்கச் சொன்னாள். அடுத்து யார் அழைத்தாலும் தடுமாறக் கூடாதே என்று, வரவேற்பு வரியில் சின்ன எழுத்து என்பதை மலாயில் 'ஹுருப் கெச்சில்' என்றும் சேர்த்தாள்.

மோடம் கீச்சிட்டது. வெளியே மோட்டார் இருமியது. இரும்புப் பலகை மேலே ஏற, தண்ணீர் இரைந்து பாய்ந்தது.

காளியண்ணன் குவளையோடு வாசலுக்கு வந்தார். "அவனா தொறந்தான்?"

"அவருதான்."

"மூடிட்டு மறுபடி தொறக்கச் சொல்லு."

மூடியது. திறந்தது. தேத்தண்ணியை வெளியே ஊற்றிவிட்டுத் தொப்பியை மாட்டினார்.

"தொறந்தபடியே கெடக்கட்டும்னு சொல்லு. நட."

பூட்டைத் தேடினார். அதற்குக்கூட ஐவி அவரை நிற்கவிடவில்லை.