இரட்டைப் பூட்டு அறையில் விதைச்சோளம்

1968 ஜூன் 3, திங்கட்கிழமை, அருப்புக்கோட்டைப் பஞ்சு வியாபாரி சங்கரலிங்கத்தின் கிட்டங்கியில் கடைசி அறைக்கு இரண்டு பூட்டுகள் போடப்பட்டன. ஒன்றின் சாவி மாயக்காளிடம் இருந்தது. மற்றது அவள் கொழுந்தன் கருத்தப்பாண்டியிடம்.

திருச்சுழிப் பக்கம் புஞ்சைக்காரக் குடும்பம். மாயக்காளின் புருஷன் மாசியில் இறந்தான். பங்கு பிரிக்க உட்கார்ந்த இடத்தில் கைகலப்பு ஆனது. வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி முடியும்வரை சாமான்கள் ஊருக்குள் இருக்க வேண்டாம் என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்கள். ஊரில் எல்லாருமே ஏதாவது ஒரு பக்கத்துச் சொந்தம். இரண்டு பேரும் பருத்தி போடுகிற இடம் என்பதால் சங்கரலிங்கத்தின் கிட்டங்கி முடிவானது.

வண்டியிலிருந்து இறக்கும்போதே அவர் சொன்னார்: "பஞ்சு மூட்டைக்குத்தான் நான் பொறுப்பு. பங்காளி மூட்டைக்கு இல்ல. செவத்த ஒட்டி வைக்காதீக, அடியில செங்கல் குடுங்க. கரையானுக்கு யாரு பங்குன்னு தெரியாது."

பித்தளை அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் பழைய வேட்டியைச் சுற்றி மாயக்காள் அடுக்கியிருந்தாள். துணிப்பெட்டிக்குள் அந்துருண்டை போட்டிருந்தாள். கருத்தப்பாண்டி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தே உள்ளே விட்டான். கடைசியாக நான்கு பானைகள் வந்தன. வாயில் துணி கட்டி, மேலே சாணி பூசி இருந்தது.

"இதுல என்ன மதினி?"

"வெதச்சோளம். கண்ணு தெரியலயா?"

"வாயில சாணியப் பூசிட்டா கண்ணு எப்பிடித் தெரியும்?"

"சாம்பலக் கலந்து, வேப்பெல போட்டு மூடிருக்கு. ரெண்டு பங்குக்கும் சேத்துத்தான்."

"எங்கண்ணன் வெள்ளி அரணாக்கொடி எங்க போச்சுன்னு இப்பத்தான வெளங்குது."

கம்பால் நான்கு பானையின் வாயையும் உடைத்தான். சோளத்தைச் சாக்கில் கொட்டி, சொளகில் புடைத்து, சாம்பலைக் கையால் அளைந்தான். மாயக்காள் கைகட்டி நின்றாள்.

"அள்ளு கொழுந்தனாரே, இன்னும் அள்ளு. ஒங்கண்ணன் எலும்பு கெடைச்சாலும் கெடைக்கும்."

வெள்ளி கிடைக்கவில்லை. ஆனாலும் பானைக்குள் திரும்பப் போட அவன் சம்மதிக்கவில்லை. சாக்கு என்றால் தடவிப் பார்த்தே தெரிந்துவிடும் என்றான். சாம்பலும் கூடாது.

"ஏய்யா, பானையிலயே போடு. கிட்டங்கிதான் வண்டுக்குப் பொறந்த வீடு" என்றார் சங்கரலிங்கம். அவன் இரண்டு சாக்கின் வாயையும் தைத்து முடித்திருந்தான்.

"அப்ப அமாவாசைக்கு அமாவாசை வெயில்ல போடணும்" என்றாள் மாயக்காள். அன்றைக்குத்தான் மணிக்குள் இருக்கும் வண்டு மேலே வரும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இருவரும் சாவியோடு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். முந்தின வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊரில் விதை வைத்திருந்தவர்கள் யாருக்கும் கொடுக்கிற நிலையில் இல்லை. இந்த இரண்டு சாக்கு போனால் புரட்டாசியில் விதைக்க ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஆனி அமாவாசைக்குக் கருத்தப்பாண்டி முதல் பஸ்ஸிலேயே வந்தான். மதியம்வரை கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருந்தான். மாயக்காள் காரியாபட்டியில் தாய்வீட்டில் இருந்தாள். "மொதல்ல அவன் காயட்டும். சோளம் அப்பறம் காயும்" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆடி அமாவாசைக்கு அவள் வந்தாள். அவன் ஆள்விட்டுச் சொல்லியிருந்ததைச் சங்கரலிங்கம் அப்படியே சொன்னார்: "அண்ணனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கணுமாம். சோளம் காயப்போட நேரமில்லையாம்."

கதவுக்கு அடியில் மாவு போல ஏதோ படிந்திருந்தது. மாயக்காள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவன் பூட்ட ஒடைங்க மொதலாளி."

"ஒடைச்சா நாளைக்கு என்னையத் திருடன்னு சொல்லுவீக. போயி அவனக் கூட்டிட்டு வா தாயி."

"அவன் வாசல்ல நான் போயி நிக்கவா?"

அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள். ஆவணி அமாவாசைக்கு இருவருமே வரவில்லை.

புரட்டாசி நடுவில் ஒரு நல்ல மழை பெய்தது. அக்டோபர் 4 அன்று இருவரும் ஒரே பஸ்ஸில், அவன் முன்னாலும் அவள் பின்னாலும் உட்கார்ந்து வந்தார்கள். பூட்டுகள் திறந்தன. அண்டா, பெட்டி, கட்டில் எதற்கும் சேதமில்லை; செங்கலைத் தாண்டிக் கரையான் ஏறவில்லை. கருத்தப்பாண்டி ஒரு சாக்கைத் தூக்கினான். அது ஒரு கையிலேயே வந்துவிட்டது. தையல் வழியாக மாவு கொட்டியது, கூடவே வண்டுகள்.

"ஆனியில நீ வந்திருந்தா இது நடக்குமா?"

"பானைய நீ ஒடைக்காம இருந்தா?"

"ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்" என்றார் வாசலில் நின்ற சங்கரலிங்கம். "சாக்க வெளியில கொண்டுபோயி உதறுங்க. பஞ்சுல ஏறிடப்போகுது."

மாயக்காள் முழுசாகத் தெரிந்த நூறு மணியைப் பொறுக்கி எடுத்துப்போய் ஈரத்துணியில் கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் ஒன்பது முளைத்திருந்தது.

மிச்சம் சங்கரலிங்கத்தின் வண்டிமாடுகளுக்குப் போனது. வீட்டுச் சுவர் தை மாதம் முடிந்தது. அந்த வருஷம் இரண்டு பங்குப் புஞ்சையும் தரிசாகக் கிடந்தன.