டெரிக் விமானத்தில், மாவிஸ் ரயிலில்

தயிர் வாங்கிய டப்பாவைக் கழுவி மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டு உலகத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைக்கிற ஜனங்களைக் கண்டால் டெரிக்குக்கு ஆகாது. "அடுத்த தெருக் கடைக்குக் கார்ல போயிட்டு வந்து, அதே கையால டப்பா கழுவுறானுங்க. அதுக்கு வெந்நீர் வேற," என்பார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, ஐம்பது வருடம் சுவர் பூசி ஓய்ந்த மனிதர். கண்ணால் பார்க்காத எதையும் நம்புகிற வழக்கம் கிடையாது.

இங்கிலாந்தின் யார்க்ஷரில் அவர் ஊருக்கு வெளியே பிளாஸ்டிக் பாய் விரித்த மேடு ஒன்று உண்டு. வருடம் முழுக்க மழையில் நனைந்துகொண்டு அதில் சறுக்கிப் பழகுவது, பிப்ரவரியில் ஒரு வாரம் பிரான்ஸ் மலைக்குப் போய் நிஜப் பனியில் சறுக்குவது. அவர் சேர்ந்திருந்த பனிச்சறுக்குக் கிளப்புக்கு வேறு ஜோலியே இல்லை. இத்தனை வருடமும் விமானத்தில்தான் போனார்கள்.

இந்த முறை கிளப் குடிசையில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது செயலாளர் கிளெனிஸ் எழுந்தாள். ஊரில் தபால் கொடுக்கிறவள். சுற்றி வளைக்கத் தெரியாது.

"ரயில்ல போவோம், கடலுக்கடியில சுரங்கம் இருக்கு. காலையில கிளம்புனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு மலையில இருப்போம். பிளேன் விடுற புகையில பத்துல ஒரு பங்குகூட வராது."

கைதட்டல் எழுந்தது. டெரிக் தேநீர்க் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தார்.

"ஏமாத்து வேலை. யார் போய் அளந்து பார்த்தா? நீ அளந்தியா, கிளெனிஸ்?"

"நான் அளக்கல. நீதான் பிளேன் பின்னாடி மூக்கை வெச்சுப் பாரேன்."

குடிசையே சிரித்தது. டெரிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, பந்தயம். நான் பிளேன்ல வரேன், நீங்க ரயில்ல வாங்க. நாம தங்குற மரவீட்டுக் கதவை யார் முதல்ல தட்டுறாங்களோ, அடுத்த வருஷம் எல்லாரும் அவங்க வழி. யாரு என்கூட?"

ஒரு கையும் எழவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மாவிஸ் நிதானமாகச் சொன்னாள்: "நான் ரயிலு."

அவர் ரயிலை எதிர்த்ததற்குக் காரணம் வீம்பு மட்டுமல்ல. டெரிக்கின் வலது முட்டி போன கோடையிலேயே கெட்டுவிட்டது. சறுக்கும்போது வலிக்காது, படி ஏறினால் உயிர் போகும். பாரிஸில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு மாற வேண்டும், பாதாள ரயிலின் படிகளில் மூட்டை தூக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். கிளப் ரயிலுக்கு மாறினால், அவருடைய பிப்ரவரி இத்தோடு முடிந்தது. அதை வாய்விட்டுச் சொல்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

பிப்ரவரி வந்தது. சனிக்கிழமை விடியுமுன் கணவனும் மனைவியும் ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போனார்கள். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்று, பூட்ஸைக் கழற்று என்றார்கள். விமானம் தாமதம் என்றார்கள். இடையில் மாவிஸிடமிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன: ஜன்னலோர மேசையில் பாலாடைக்கட்டி சாண்ட்விச், சீட்டாட்டம், கிளெனிஸின் திறந்த வாய். கீழே ஒரு வரி: "பாட்டு. நல்லவேளை உனக்குக் கேக்காது."

ஜெனீவாவில் இறங்கியதும் டெரிக் குதூகலமாகப் போன் போட்டார். "நான் மலைக்குப் பக்கத்துல வந்துட்டேன். நீங்க எங்க?"

"பாரிஸ். இப்பத்தான் கிளம்புறோம்."

"கதவைத் திறந்து வெக்கறேன், மெதுவா வாங்க."

வேனில் ஏறி உட்கார்ந்தபோது அவர் மனம் துள்ளியது. ஆனால் மலையில் மரவீடுகளின் வாடகை சனிக்கு சனி. பாதி ஐரோப்பா அன்றைக்கு இறங்கும், மீதிப் பாதி ஏறும், இருப்பது ஒரே பள்ளத்தாக்குச் சாலை. பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகு மூன்று மணி நேரத்தில் வேன் நகர்ந்தது கொஞ்சம். முன்னாலும் பின்னாலும் சிவப்பு விளக்குகள். வெளியே மழை. பிப்ரவரியில், பனி கொட்ட வேண்டிய இடத்தில், ஊர் மேட்டில் பெய்யுமே அதே மழை.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

பிரெஞ்சுக்கார டிரைவர் யானிக் தோளைக் குலுக்கினான். "தூரம் கம்மி. நேரம் தெரியாது, முசியே."

அப்போது போன் அடித்தது. மாவிஸ்தான். "டெரிக், உன் வலது பக்கம் பாரு."

சாலையை ஒட்டி ஆற்றங்கரையில் தண்டவாளம். வெளிச்சம் நிறைந்த ஜன்னல்கள் வரிசையாக ஓடிவந்தன. ஒரு ஜன்னலில் ஒரு டார்ச் மேலும் கீழும் ஆடியது.

"அது நான்தான். நீ எந்த வண்டி?"

"நிக்கிற வண்டி," என்றார் டெரிக் பல்லைக் கடித்துக்கொண்டு.

ரயில் போயே போய்விட்டது. பள்ளத்தாக்கின் கடைசி ஸ்டேஷன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் விளக்குகளோடு தெரிந்தது. அதன் பின்னாலிருந்து கம்பிவடம் இழுக்கும் குட்டி ரயில் நேரே மலைமேல் ஏறும். டெரிக் கதவைத் திறந்தார்.

"முசியே, மழை பெய்யுது."

"நான் சர்க்கரையா, கரைஞ்சுபோக? பெட்டியைப் பிறகு கொண்டாந்து போடு."

பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கார்களுக்கு நடுவே புகுந்து ஓடினார். ஓட்டம் என்றால் ஓட்டமில்லை, நொண்டி ஓட்டம். கார்களிலிருந்து பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் நெஞ்சு அடித்த அடியில் முட்டி வலியே மறந்துபோனது. குட்டி ரயிலின் கதவு மூடப்போகும் நேரம், உள்ளிருந்து ஒரு பூட்ஸ் கால் நீண்டு கதவைத் தடுத்தது. மாவிஸின் கால்.

"ஏறு, கிழவா."

அவர் ஏறிய விதத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "முட்டியா? எத்தனை நாளா?"

"கோடையிலிருந்து." மூச்சு வாங்கினார். "பாரிஸ்ல படி ஏற முடியாது என்னால. அதான்."

"படியா? கிளெனிஸ் வேன் பிடிச்சு வெச்சிருந்தாளே. நம்ம கிளப் ஆர்தரோட இடுப்பு வலிக்காக. நீ கத்தினியே ஒழிய ஒரு வார்த்தை கேட்டியா?"

குட்டி ரயில் ஏறத் தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் ஜன்னலுக்கு வெளியே பழுப்புப் புல்லும் சேறும்தான் தெரிந்தன. அவர் முதல் வருடம் விழுந்து விழுந்து சறுக்கக் கற்ற சரிவு அது. வெகு உயரம் போன பிறகே மழை பனியாக மாறியது. வண்டிக்குள் எல்லோரும் ஓவென்று கூவினார்கள், டெரிக்கும் சேர்ந்துதான்.

மேலே இறங்கியதும் கிளெனிஸ் இடுப்பில் கை வைத்தாள். "கடைசியில நீயும் ரயில்லதான் வந்தே. பந்தயம் யாருக்கு?"

மாவிஸ் டெரிக்கின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி, எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்:

"யாரு முதல்ல வந்தாங்கிறது பேச்சே இல்ல. கீழே பார்த்தியே, அந்தச் சேறு? நான் ஒருத்தன் பறந்தா என்ன ஆயிடும்னு ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் பனி மலை உச்சிக்கு ஓடிப்போச்சு. பனி மேல ஆசைப்பட்டு வரவங்க, பனியைக் கரைக்காத வழியில வரணும். டப்பா கழுவுறவங்களைத் திட்டுறியே, நாம அதைக்கூடச் செய்யல."

டெரிக் தொப்பியில் விழுந்த பனியைத் தட்டிவிட்டார்.

"பந்தயம் பந்தயம்தான்," என்றார் டெரிக். "அடுத்த வருஷம் ரயில்ல வரேன். சாண்ட்விச்சுக்காக. ஆனா நான் ஏறலைன்னா அந்த பிளேன் கிளம்பாமயா இருந்திருக்கும்? அதை எவனாவது எனக்குக் காட்டட்டும், அப்புறம் நம்பறேன்."

"நீ ஏறலை, நான் ஏறலை, பாதிப் பேர் ஏறலைன்னா யாருக்காகக் கிளம்பும்?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

டெரிக் பலகைகளைத் தோள் மாற்றிக்கொண்டு, "ஜோலியைப் பாருங்க," என்று முனகியபடி, யார் கையையும் பிடிக்காமல் பனியில் நொண்டி நொண்டி நடந்து போனார்.