நாலாவது வரி

ஒன்றரை வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் தேவேந்திரனிடமிருந்து வந்த கடிதத்தில் நாலே வரி. மூன்றைப் படிக்க முடிந்தது. நாலாவதை எவனோ ஒரு புண்ணியவான் கருப்பு மையால் அடித்துவிட்டிருந்தான்.

கொண்டுவந்தவள் மோகனப்பிரியா. சண்டை நடக்கும் நாடுகளில் சிறைப்பட்டவர்களைப் போய்ப் பார்க்கிற உலக நிறுவனம் ஒன்றின் சென்னை ஆபீஸ் பெண். வளைகுடாவில் கூலிக்கு மீன் பிடிக்கப் போன மனுஷன், சண்டை நடக்கும் பக்கத்து நாட்டின் கடல் எல்லை தாண்டினான் என்று பிடிபட்டார். அன்றிலிருந்து நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் கைக்கு வந்தது இந்த ஒற்றைத் தாள்தான்.

"நான் நல்லா இருக்கேன். இளவரசிய படிக்க வை. வேளைக்கு மாத்திரை சாப்பிடு." இளவரசி எங்கள் மகள். அவ்வளவுதான் கடிதம்.

நாலாவது வரி என்னவென்று எனக்குத் தெரியும். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு தரம் சீட்டுப் போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஊரில் இல்லாதவன், தனக்குப் பதில் யார் இறங்குவது என்று கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். போன வருஷம் பொறுத்துக்கொண்டார்கள், இந்த வருஷம் முடியாது என்றுவிட்டார்கள். அந்தப் பைத்தியக்கார மனுஷன் ஊர் வழக்கப்படி சீட்டு நாள், வலை இறங்கும் இடம், தன் தம்பி பிரசாந்த் பெயர் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருப்பார். இடத்தையும் தேதியையும் பார்த்து சிறைக்காரன் என்ன நினைத்தானோ!

ஆள் உயிரோடு இருப்பதாக அந்த நிறுவனமாவது எழுதிக் கொடுத்தால் பெயர் ஒரு வருஷம் நிற்கும் என்றார் சங்கத் தலைவர் வேதாசலம் மாமா. மோகனப்பிரியாவிடம் கெஞ்சினேன்.

"முடியாதுக்கா. இத எழுதறப்ப உயிரோட இருந்தாரு. எட்டு மாசமாச்சு. அதுக்கப்புறம் அந்த ஜெயிலுக்குள்ள எங்கள விடல."

"உலகம் பூரா போறோம்னு சொல்றீங்களே?"

"விட்டாத்தான் போவோம்க்கா."

"அப்போ இன்னாத்துக்குமா நீங்க?"

ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். அவளும் யார் பெற்ற பிள்ளையோ.

சீட்டு அன்று பதில் கடிதம் வாங்க அவளும் வந்திருந்தாள். அம்மன் கோயில் வாசலில் மாமா பெயர்களைக் கூப்பிட்டார். "தேவேந்திரன்." மூன்று தரம் கூப்பிடுவது வழக்கம். இரண்டாவது தரம் கூப்பிட்டபோது தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இதோ, எழுதியிருக்காரு மாமா!"

மாமா வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மைதானே தெரியுது, காந்தா."

ஊரே மோகனப்பிரியாவைப் பார்த்தது. மாமா மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் பெயர்ச்சீட்டைக் குடத்தில் போடாமல் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதில் தாளில் குடும்ப விஷயம் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். இடம், தேதி கூடாதாம். எழுதினேன்: "எல்லாரும் சௌக்கியம். இளவரசி நல்லா படிக்கிறா. உங்க எடத்துல தம்பி வலை போடுது, கவலப்படாதீங்க."

அனுப்புவதற்கு முன்னால் அவள் படித்துப் பார்க்க வேண்டும், அது அவர்கள் விதி. கடைசி வரியில் அவள் பேனா வெகுநேரம் நின்றது.

"அடிச்சிட்டியா?" என்றேன்.

"அடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லக்கா," என்று தாளை மடித்துப் பையில் போட்டாள்.