பழுப்புக் கோடு

வியாசர்பாடிக்காரியிடம் காட்டோடையின் படத்தைக் கொடுத்தால் என்ன செய்வாள்? தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வாள். ரமாபாயும் அதைத்தான் செய்தாள்.

வட சென்னை டோல்கேட்டில் பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் ராசையாவின் வரைபட அலுவலகம். அங்கே அவளுக்கு ஆறு வருட வேலை. வானிலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் வைத்து, ஓடைக்கு நீலக்கோடும் சாக்கடைக்குப் பழுப்புக் கோடும் இழுக்க வேண்டும். மணலியையும் எண்ணூரையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள்.

போன மாதம் வந்தது ஒரு மலைச்சாலைக்கான படம். அதில் ஒரு பாறையடியில் திடீரென்று தண்ணீர் புறப்பட்டது. அதற்கு மேலே வாய்க்கால் இல்லை, குளம் இல்லை. மூங்கில் காட்டுக்குள் இறங்கி, பாறைக் குவியலுக்கு அடியில் காணாமல் போய், முந்நூறு மீட்டர் தள்ளி மறுபடி தலைகாட்டி, பெரிய ஆற்றில் சேர்ந்தது. படம் எடுத்ததோ மே மாதம். கொளுத்தும் வெயிலில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தண்ணீர் வந்தால் அவள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எவனோ குழாயைப் புதைத்து ஆலைக் கழிவைத் திறந்துவிடுகிறான். பழுப்புக் கோட்டை இழுத்து அனுப்பிவிட்டாள்.

மலையில் அளக்கப் போனவர்கள் எடுத்த களப் புகைப்படங்கள் இன்று காலைதான் வந்து சேர்ந்தன. அளவுக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண், அதே பாறையடியில் குனிந்து, தண்ணீரை இரு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். ரமாபாய் தான் இழுத்த பழுப்புக் கோட்டை மறுபடி திறந்து பார்த்தாள். ஓடை என்றால் சாலைக்காரர்கள் பாலம் கட்டியாக வேண்டும். சாக்கடை என்றால் மண்ணைக் கொட்டி மூடிவிடலாம்.

ராசையாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தம் அனுப்பினால் அடுத்த வேலை வராது என்றார். ஒருத்தி குடிப்பதைப் பார்த்து ஊற்று என்று முடிவு கட்டலாமா என்றும் கேட்டார்.

"தப்பு யாரோடதுன்னு கேட்டா, நான் யார் பேரைச் சொல்ல?"

"எம் பேரையே போட்டுடுங்க சார். இழுத்தது நான்தான."

சொல்லிவிட்டாளே தவிர, இந்தச் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. களக் குறிப்பில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தவள் சிவந்தி, கம்பு பிடித்த அதே பெண். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றதற்கு, பாறைக்குள்ளிருந்து என்றாள். மேலே யாராவது எதையாவது திறந்துவிடுகிறார்களா என்றதற்கு, மேலே கரடிதான் இருக்கிறது என்றாள். அப்போதும் ரமாபாய்க்கு மனசு கேட்கவில்லை. அவள் ஊரில் எந்தத் தண்ணீரைப் பற்றியும் முதலில் கேட்கிற கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"இன்னா கலர்லக்கா வரும்?"

கேலி செய்கிறாள் என்று சிவந்தி நினைத்திருப்பாள்.

"தண்ணிக்கு ஏதும்மா கலரு? அடியில கெடக்குற கல்லு தெரியும், அவ்ளோதான். முந்தாநாள் ரோடு போடுறவங்க லாரியில மண்ணு கொண்டாந்து கொட்டினாங்க. அதுலேருந்துதான் செவப்பா வருது. நாளைக்கும் கொட்டுவாங்களாம்."

ரமாபாய் போனை வைக்கவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பழுப்புக் கோட்டை அழித்தாள். பாறையடியிலிருந்து ஆறு வரைக்கும் நீலக்கோடு இழுத்தாள். புதுப் படத்தின் கீழே திருத்தக் குறிப்பையும் தன் பெயரையும் எழுதிச் சாலைக்காரர்களுக்கு அனுப்பினாள். அதையே சிவந்தியின் கைபேசிக்கும் அனுப்பினாள்.

"நாளைக்கு லாரி வந்தா மறிச்சிக்கினு நில்லுக்கா. இந்தப் படத்தைக் காட்டு. தப்பு பண்ணவ பேரு கீழ கீது."