மூணு கோட்டு வண்டி

தாராவியில் விலாசம் கேட்டால் யாரும் கதவு எண் சொல்லமாட்டார்கள். இன்ன தண்ணீர்க் குழாய், இன்ன இட்லிக் கடை என்றுதான் கையை நீட்டுவார்கள். பூதத்தானின் நீல நிற ஆம்னி வேனும் அப்படி ஒரு விலாசமாகிவிட்டிருந்தது. இரு பக்கமும் முன்கதவு தொடங்கிப் பின்பக்கம் வரை மூன்று சிவப்புக் கோடுகள். "மூணு கோட்டு வண்டி நிக்கும் பாருங்க, அதுக்கு எதுத்தாப்ல" என்றால் புதுக் கூரியர்காரன்கூட வழி தவறமாட்டான்.

வண்டிக்குப் பின்னால் பூதத்தான் குடியிருந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. இடித்துத் தகர வேலி அடித்திருக்கிறார்கள். வேலிக்குள் புல்தான் வளர்கிறது, கட்டடம் வளரக் காணோம். அவர் செம்பூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஆனால் வேலை முடிந்ததும் வண்டியைக் கொண்டுவந்து இந்த வேலியோரம் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துச் செம்பூர் போவார். சொந்த வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் தொங்குகிற மனிதர் பம்பாயிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கேலி பேசாத ஆள் கிடையாது. அவரும் சிரித்து வைப்பார்.

அந்த ஸ்டிக்கர் கோடுகளை ஒட்டியவன் மகன் இசக்கிராஜ். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்டிவிட்டு, பெருமையாகப் பக்கத்தில் நின்றான். பூதத்தான், "என்னலே இது, சர்க்கஸ் வண்டியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பிறகு ஒருநாள் வேறு ஏதோ சண்டை. "போறதுன்னா போ" என்றார். பையோடு போய்விட்டான். கொஞ்ச நாள் போன் அடித்தது, அவன் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லை என்றது.

அதற்கப்புறம் வீடு போனது. மனைவி மகேஸ்வரியும் போனாள். அந்த ஆஸ்பத்திரி அலைச்சலில் பூதத்தானின் போன் தொலைந்து, அவருடைய எண்ணும் மாறிப்போனது. இதில் ஒன்றுகூட மகனுக்குத் தெரியாது. வந்தால் நாலு பேரிடம் விசாரிக்கிற பிள்ளையா அவன்? அத்தனை ரோஷம். தூர நின்று பார்ப்பான், ஒன்றும் தெரியவில்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுவான். அவன் கண்ணில் படுவதற்கென்று அந்த இடத்தில் மிச்சமிருந்தது இந்தக் கோடுகள் மட்டும்தான்.

இப்போது அதற்கும் வேளை வந்துவிட்டது. மாட்டுங்காவில் மெஸ் நடத்தும் சுந்தரராமன், ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையைத் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை.

"கோடு கீடெல்லாம் இருக்கப்படாது, பூதத்தான். அந்த ஆபீஸ் கேட்ல விடமாட்டா. பெயின்டும் சொறி பிடிச்சாப்ல இருக்கப்படாது. திங்கட்கிழமை வண்டியைக் கொண்டு வாங்கோ, பாத்துட்டுச் சொல்றேன்."

வேறு சவாரி இல்லை. மறுத்தால் வண்டியையே விற்க வேண்டியதுதான். விற்றால் கோடு மட்டுமா, வண்டியே இங்கே நிற்காது. பூதத்தான் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எதிரே பார்லர் நடத்தும் கலைச்செல்வி முடி உலர்த்தும் டிரையரைக் கொடுத்து, கடையிலிருந்து வயரும் இழுத்துவிட்டாள்.

"பிளேடு வச்சுச் சொரண்டினா சட்டுனு முடிஞ்சிரும்லா அண்ணாச்சி?"

"பெயின்டும் சேந்து வந்துரும்மா. சூடு காட்டித்தான் எடுக்கணும்."

கோட்டின் நுனியில் சூடு காட்டினார். கை வைத்தால் பொறுக்கிற சூடுதான், அதற்கு மேல் போகவிடவில்லை. நகத்தால் முனையைக் கிளப்பினார். நேராக வெளியே இழுக்காமல், கோட்டையே மடித்து அதன் மேலேயே படுக்கிற மாதிரி, மெல்ல மெல்லப் பின்னோக்கி உரித்தார். வேலிப் பக்கம் நிழலில் இருந்ததால் முழு நீளத்துக்கும் வந்துவிட்டது. சாலைப் பக்கம்தான் உயிரை வாங்கியது. வெயில் தின்ற ஸ்டிக்கர், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வைத்து ஒவ்வொரு துணுக்காக நெம்பினார். பின்சக்கரத்துக்கு மேலே நடுக்கோடு லேசாகக் கோணியிருந்தது. பயல் அங்கே அவசரப்பட்டிருக்கிறான். அந்த இடத்தில் மட்டும் பூதத்தானுக்குக் கை ஓடவில்லை. டிரையரை அணைத்துவிட்டு அந்தக் கோணலை விரலால் தடவினார். அன்றைக்கு 'நல்லாருக்குடே' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தார். சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. மறுபடி டிரையரைப் போட்டார்.

மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டார். பிறகு பழைய பனியனால் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஒரு கீறல் இல்லை. பனியனைப் பிழிந்து போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

கோடுகள் அங்கேயே இருந்தன.

சிவப்பு இல்லை, நீலம். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துச் சோகையாகக் கிடக்க, ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் ஷோரூமில் வாங்கிய அன்றைக்கு இருந்த நீலத்தில் பளிச்சென்று இருந்தது. மூன்று கோடு. பின்சக்கரத்துக்கு மேல் அதே கோணல்.

"என்ன அண்ணாச்சி, உரிச்சும் போவலியே!" கலைச்செல்வி கடை வாசலில் இருந்தே கூவினாள். "பாலீஷ் போட்டுத் தேய்ச்சா மறையும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுதாரு. வாங்கியாரச் சொல்லவா?"

"வேண்டாம்மா," என்றார் பூதத்தான், அவள் முடிப்பதற்குள். "வேண்டவே வேண்டாம்."

திங்கட்கிழமை சுந்தரராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பூதத்தான் பின்னாலேயே போனார்.

"ஏதோ நிழலாட்டம் தெரியறதே?"

"ஒட்டின எடம் சார். ஸ்டிக்கர் எதுவும் கெடையாது, தடவிப் பாருங்க. வெயில் பட்டுப் பட்டு எல்லாம் ஒரே கலராயிரும்."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மூணு வெயில் காலம் ஆவும் சார்."

சுந்தரராமன் தடவிப் பார்த்தார். "சரி, ஒட்டினது ஒண்ணுமில்லையோன்னோ. நாளைலேர்ந்து வாங்கோ," என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பூதத்தானுக்குச் சந்தோஷம். சயான் சிக்னலில் நிற்கும்போதுதான், தான் அவரிடம் சொன்ன கணக்கு தனக்கே உறைத்தது. பாலீஷ் போடாவிட்டாலும் வெயில் சும்மா விடாது. வண்டியை எங்காவது நிழலில் போட்டால் கோடுகள் நெடுநாள் நிற்கும். செம்பூரில் அவர் அறைக்குக் கீழேயே கூரை போட்ட இடம் இருக்கிறது. உறை வாங்கி மூடியும் வைக்கலாம். ஆனால் செம்பூருக்கு இசக்கிராஜ் வரமாட்டான். மூடிய வண்டியை அவனுக்கு அடையாளம் தெரியாது.

தாராவிக்குள் திருப்பினார். பகல் வெயில் தகர வேலியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அந்தப் பக்கம் மருந்துக்குக்கூட மரம் இல்லை. பூதத்தான் வண்டியைப் பழைய இடத்தில், கோடுகள் சாலையைப் பார்க்கும்படி, முழு வெயிலில் நிறுத்தினார்.

"சீக்கிரம் வந்துருடே," என்று வாய்விட்டே சொன்னார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.