கொளுத்தச் சம்மதித்த வீடு

எங்கள் வீட்டில் செங்கல் என்று பார்த்தால் புகைபோக்கி மட்டும்தான். மற்றதெல்லாம் பலகை. கோட்டைப் பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பது சட்டம். பீரங்கி எட்டுகிற வட்டத்துக்குள் குடியிருப்பவன் மரத்தில்தான் கட்ட வேண்டும், சண்டை வந்தால் எரித்துவிட வசதியாக. குடிபோகும்போதே கொள்ளி வைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட வீடு. எனக்கு அதில் ஆத்திரம். என் புருஷன் தியூனிஸுக்கோ, வாக்குக் கொடுத்தவன் என்ற பெருமை.

நாற்பதாம் வருஷ மே மாதம் ஜெர்மன்காரன் எங்கள் நாட்டு எல்லை தாண்டியதும், அவனைத் தண்ணீரால் மறிக்க எங்கள் பட்டாளத்தார் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். பாட்டன் பூட்டன் இறைத்து இறைத்து லெக் ஆற்றிடமிருந்து பிடுங்கிய மேய்ச்சல் நிலம் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. வீடு மேட்டில் இருந்ததால் வாசலோடு நின்றது தண்ணீர்.

எனக்கு நிறைமாதம். முந்தைய இரண்டும் கூலிக்கு இருந்த இடத்தில் பிறந்து தங்காமல் போயின. இதையாவது எங்கள் கட்டிலில் பெற்றெடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை. சுவரோடு சேர்த்துத் தியூனிஸ் அடித்த கட்டில் அது. பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

கோட்டையிலிருந்து சார்ஜென்ட் ஹார்மன் தண்ணீரில் நடந்து வந்தார்.

"வட்டத்துல இருக்கிற வீட்டையெல்லாம் எரிக்கச் சொல்லிட்டாங்க. நாங்க அந்தக் கோடியிலருந்து ஆரம்பிக்கிறோம். இங்க வர நாளைக்கு ஆயிடும். சாமானை எடுத்துக்கங்க."

"நீங்க எதுக்கு? நானே கொளுத்திடறேன்," என்றார் தியூனிஸ்.

ஹார்மன் என் வயிற்றைப் பார்த்தார். "அவசரமே இல்லைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாளைக்குன்னுதானே சொன்னாரு? இன்னிக்கு ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சுட்டுப் போவோமே," என்றேன்.

"நான் அடிச்ச ஆணி ஒவ்வொண்ணும். வேத்தாள் கையால எரியறதைப் பார்க்கச் சொல்றியா?"

"பக்கத்து வீட்டுக் கிரைனைப் பாருங்க. வாசல்ல உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருக்கான்."

"அவன் பல்லு வெளக்கறதையே நாளைக்குன்னு தள்ளிப் போடற ஆளு. அவனோட என்னைச் சேர்க்கறியா?"

கெஞ்சினேன். திட்டினேன். மனுஷன் மசியவில்லை. சாமான்களைப் படகில் ஏற்றிவிட்டு வீட்டைச் சுத்தமாகப் பெருக்கினார். எரிக்கப்போகிற வீட்டைப் பெருக்கிய ஆளை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிறகு வைக்கோலைப் பரப்பி மண்ணெண்ணெயை ஊற்றினார். நல்ல காய்ந்த மரம். நாங்கள் ஆற்றுக் கரைமேல் ஏறுவதற்குள் கூரை விழுந்துவிட்டது.

சாயங்காலம் ஹார்மன் கரையோரமாக வந்தார். கையில் துப்பாக்கி இல்லை. புகைந்துகொண்டிருந்த மேட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நம்ம பட்டாளம் சரணடைஞ்சாச்சுங்க. ரேடியோவுல சொல்லிட்டாங்க. எரிக்கறதை நிறுத்தியாச்சு."

"பீரங்கி?" என்று கேட்டார் தியூனிஸ்.

"இந்தப் பக்கம் ஒரு குண்டுகூடச் சுடலைங்க."

அந்த நிமிடம் தியூனிஸை நான் வெறுத்தேன். ஏதாவது சொல்லிக் குத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன்; வலி பிடித்துக்கொண்டது.

கிரைன் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஏறும்மா, நம்ம வீட்டுக் கட்டில் சும்மாதான் கெடக்கு. தியூனிஸ், நீயும் வாய்யா."

நான் ஏறினேன். அவர் படகைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நடந்து வந்தார். கிரைன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். கிரைனின் பெண்சாதி எத்தனையோ தடவை கூப்பிட்டும் படியேறவில்லை.

விடிகிற நேரத்தில், அந்தச் சோம்பேறியின் கட்டிலில், என் பிள்ளை வீறிட்டு அழுதது. கை கால் எல்லாம் உதைத்தது. இது தங்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியிலிருந்து தியூனிஸின் குரல் கேட்டது. "லைஸ்பெத், என்ன கொழந்தை?"

மறுபடியும் கேட்டார். குரல் உடைந்திருந்தது. நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கடைசியில் கிரைன்தான் வாசலுக்குப் போய், பெண் குழந்தை என்று அவரிடம் சொன்னான்.