தொண்ணூறாவது அடி

என் மேலதிகாரி அனந்தகிருஷ்ணன் ரப்பரை எடுத்து என் படத்தின் நடுப்பகுதியை அழித்தார். இது மூன்றாவது முறை.

"என்ன ஓய், பாறையை அப்பளமா நொறுக்கி வச்சிருக்கீர்? மேலே அனுப்ப ஒரே கோடு போதும்."

செம்பூர்க் குன்றுக்கு அடியில், நூறடி ஆழத்தில், தண்ணீர்க் குழாய்க்குச் சுரங்கம் வரப்போகிறது. வெடி வைத்து, பூமிக்குள் போய்த் திரும்பும் அதிர்வைப் படத்தாளில் பிடித்து, உள்ளே இருப்பதை வரைவது எங்கள் வேலை. அதற்கு இரண்டு வழி. கெட்டிப் பாறையில் ஓடி முதலில் வந்து சேரும் அலையை மட்டும் எடுத்துக்கொள்வது ஒன்று. பிந்தி, அடியிலிருந்து எதிரொலித்து வருகிறவற்றையும் சேர்ப்பது மற்றொன்று. முதல் வழியில் கோடு அழகாக விழும். ஆனால் கெட்டிப் பாறைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது இருந்தால் அதற்குத் தெரியாது. இரண்டாவதில், குன்றின் மேல் வரிசையாக நட்ட அடையாளக் குச்சிகளில் ஏழாவதற்கு நேர் கீழே, தொண்ணூறடிக்கு அப்பால் கோடு சிதறியது.

"அது லாரி போன அதிர்வு. முதல் அலையைப் பாரும், எவ்வளவு சுத்தமா இருக்கு."

என் மனைவி ராஜலக்ஷ்மியின் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து டாக்டரும் 'சுத்தம்' என்ற அந்தச் சொல்லைத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அவளை மாதுங்கா வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் இறந்து எட்டு மாதம்.

படம் சரிதானா என்று பாறையைத் துளைத்துப் பார்க்க ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி. அதை ஏழாம் குச்சியில் போட வைக்க இரண்டு வாரம் சண்டை. கடைசியில் அனந்தகிருஷ்ணன் சம்மதித்தார். தொண்ணூறில் நிறுத்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டாளம் விற்ற பழைய கூடாரத்துக்குள் போய், படத்தை மையில் முடிக்க உட்கார்ந்தார்.

துளை போடுகிற பூலோகம் தாராவிக்காரர். தொண்ணூறில் எந்திரத்தை நிறுத்தினார். துளையிலிருந்து திரும்பி வந்த தண்ணீர் சாம்பல் நிறமாகவே இருந்தது.

"கல்லு நல்லாத்தான் இருக்கு சார். ஒங்க மூஞ்சிதான் சரியில்ல."

"இன்னும் பத்தடி போடுங்க."

"சீட்டுல தொண்ணூறுன்னுல்லா போட்டிருக்கு? எஞ்சோலி போயிரும்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"அப்ப ஒங்க சோலி போவும்." பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "நாளைக்கு உள்ள எறங்கப் போறது எங்க பயலுவதான். போட்டுப் பாத்துருவோம்."

தொண்ணூற்றாறில் கம்பி தானாகவே ஒரு முழம் இறங்கியது. தண்ணீர் நின்றுபோயிற்று. பிறகு வந்தது, செக்கச்செவேலென்று.

"செம்மண்ணு," என்றார் பூலோகம், மெதுவாக.

தண்ணீர் சரிவில் நூலாக ஓடி, கூடாரத் துணிக்கு அடியில் நுழைந்து, அனந்தகிருஷ்ணனின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவைத் தொட்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை. ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஏழாம் குச்சிக்குக் கீழே நேராகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.